கேட்பதற்கு ஓர் ஆள்

ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்த இரண்டு வாரமும் நான்தான் துணைக்கு இருந்தேன். டிவி பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. 86 வயதில் ஒரு மனுஷியிடமிருந்து இந்த மூன்றையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? இரண்டாம் நாளே, "ஏட்டி, எந்நேரமும் அந்த போன்ல என்னத்ததான் படிக்க? எனக்கும் சொல்லேன்" என்றாள்.

நான் அப்போது படித்துக்கொண்டிருந்தது எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி'. 1979இல் வந்த நாவல். பிரதர் காட்ஃபெல் என்கிற துறவி துப்பறியும் வரிசையில் இரண்டாவது. சரி, சொல்லிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். 1138, இங்கிலாந்து. ஸ்டீஃபன் என்கிற அரசனுக்கும் மாட் என்கிற அவனுடைய மாமன் மகளுக்கும் பட்டத்துக்குச் சண்டை. ஷ்ரூஸ்பரி கோட்டை மாட் பக்கம் நின்றது. ஸ்டீஃபன் கோட்டையைப் பிடிக்கிறான், காவலுக்கு இருந்தவர்களை மொத்தமாகத் தூக்கிலிடச் சொல்கிறான். நாவல் சொல்லும் கணக்கு 94 பேர். பக்கத்தில் ஒரு மடம். அங்கே மூலிகைத் தோட்டம் பார்த்துக்கொள்கிற காட்ஃபெல், பிணங்களைக் கழுவி அடக்கத்துக்குத் தயார் செய்யப் போகிறார். எண்ணுகிறார். 95 இருக்கிறது.

"ஒண்ணு கூடுதலா?" ஆச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆமாம், ஒன்று கூடுதல். மற்றவர்கள் கழுத்தில் தூக்குக்கயிற்றின் தடம், இவன் கழுத்தில் வேறு மாதிரித் தடம். யாரோ கொலை செய்து, அரசன் குவித்த பிணக்குவியலில் கொண்டுவந்து ஒளித்திருக்கிறார்கள். 94 பேரைக் கொன்றது சட்டம். அதை யாரும் கேட்க முடியாது. இந்த ஒருவனுக்காகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும் என்கிறார் காட்ஃபெல்.

மூன்று ராத்திரியில் கதை முடிந்தது. கொலைகாரன் பிடிபட்டான். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அதெல்லாம் சரி. இந்தச் சாமியார் சொன்னா, அந்த அதிகாரி எப்பிடிக் கேக்கான்?"

இந்த வகைக் கதைகளைப் பத்து வருடமாகப் படிக்கிறேன். இதைப் பற்றி மற்ற வாசகர்கள் சொல்கிற அபிப்பிராயங்களையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குப் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வரப்போகிறது. சில நாவல்களின் முடிவுகளையும் சொல்ல வேண்டியிருக்கும். அது பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

*

முதலில் இந்த வகையைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலத்தில் இதைக் 'கோஸி' என்பார்கள். குளிருக்குப் போர்வைக்குள் புகுந்துகொள்ளும்போது வருமே, அந்தக் கதகதப்புதான் அந்தச் சொல். கொலை நடக்கும், ஆனால் நம் கண்முன் நடக்காது. ரத்தம் அதிகம் தெறிக்காது. ஒரு சின்ன ஊர், அல்லது மடம், அல்லது கிளப். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். துப்பறிகிறவர் போலீஸ் கிடையாது. கிழவி, துறவி, புதுப்பெண், நூலகர் என்று யாராவது ஒருவர். கடைசியில் உண்மை வெளியே வரும், ஊர் மறுபடி ஊராகும். இதையே பழைய காலத்தில் கொண்டுபோய் வைத்தால் சரித்திர கோஸி.

பழைய காலத்துக்கு முதலில் துணிந்து போனவர்களில் அகதா கிறிஸ்டியே ஒருவர். 1944இல் வந்த அவருடைய 'டெத் கம்ஸ் ஆஸ் தி எண்ட்' ஏறத்தாழ நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய எகிப்தில் நடக்கிறது. ஆனால் இந்த வகைக்கு ஒரு நிரந்தர வீடு கட்டிக் கொடுத்தவர் எல்லிஸ் பீட்டர்ஸ்தான். உண்மைப் பெயர் எடித் பார்கெட்டர். ஷ்ரூஸ்பரி இருக்கிற ஷ்ராப்ஷயர் மாவட்டத்திலேயே 1913இல் பிறந்தவர். கல்லூரிக்குப் போகவில்லை. இளம்வயதில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராக வேலை பார்த்தார். காட்ஃபெலின் மூலிகை அறையில் வருகிற தைலங்களும் கஷாயங்களும் கொஞ்சமாவது அந்தக் கடையிலிருந்து வந்திருக்க வேண்டும். 1977இலிருந்து 1994 வரை காட்ஃபெலை வைத்து 20 நாவல்கள் எழுதினார், 1995இல் இறந்துபோனார்.

தமிழில் சரித்திர நாவலும் துப்பறியும் நாவலும் வேறு வேறு அலமாரியில்தான் இருந்துவந்திருக்கின்றன. கணேஷும் வசந்தும் வேறு உடையில் ராஜராஜன் காலத்துக்குப் போய் உலாவுகிற மாதிரி சுஜாதா 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை' எழுதினார். அது விதிவிலக்கு. ஆனாலும் 'பொன்னியின் செல்வன்' படித்த யாரையும் கேட்டுப்பாருங்கள், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஒரு மணி நேரம் வாதாடுவார்கள். கல்கி அந்த முடிச்சைத் தளர்த்திப் போட்டுவிட்டுப் போனார், நாம் அமெச்சூர் துப்பறிவாளர்கள் ஆகிவிட்டோம். கோஸி இதற்கு நேர் எதிர்த் திசை. முடிச்சு அவிழ்ந்தே ஆக வேண்டும். வாசகர் காசு கொடுப்பது அதற்காகத்தான்.

*

சரித்திர கோஸிகளைப் பற்றி வாசகர்கள் சொல்கிற குறைகளைத் தொகுத்தால் மூன்றுக்குள் அடங்கிவிடும்.

முதல் குறை, "கொலையைப் போய் இவ்வளவு சுகமாகப் படிக்கலாமா?" இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் புத்தகங்களைப் படிக்காதவர்கள். அவர்களை விட்டுவிடலாம். ஆனால் கேள்வியை விட முடியாது, பின்னால் வருகிறேன்.

இரண்டாவது, "தகவல் ஜாஸ்தி." பிணம் விழுவதற்குள் நாற்பது பக்கத்துக்குத் துணி நெய்வதும் ரொட்டி சுடுவதும் வந்துவிடுகிறது என்கிறார்கள். எனக்கு இது குறையே இல்லை. பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறோம். 1921 பெங்களூரை வைத்து ஹரிணி நாகேந்திரா எழுதிய 'தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்' புத்தகத்தின் கடைசியில் சமையல் குறிப்புகூட உண்டு. அவர் நகரச் சூழலியல் ஆய்வாளர். பெங்களூரின் மரங்களும் ஏரிகளும் அவருடைய பாடம். அதனால் கதையில் ஒரு தோட்டம் வந்தால் அது அலங்காரத்துக்கு வந்ததாகத் தெரிவதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். எல்லோரும் சொல்வது, நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது: "அந்தக் காலத்துல ஒரு பொண்ணு இப்படியெல்லாம் பண்ணியிருக்கவே முடியாது."

நாகேந்திராவின் காவேரிக்கு 19 வயது. கல்யாணமாகி மைசூரிலிருந்து பெங்களூர் வந்தவள். கணக்கு என்றால் உயிர், மாமியாருக்குப் பயந்து ஒளித்துப் படிக்கிறாள். டாக்டர் கணவன் ராமு அவளைத் தடுப்பதில்லை. ஒரு கிளப் விருந்தில் கொலை நடக்கிறது, காவேரி விசாரிக்கக் கிளம்புகிறாள். உடனே நம் உள்ளிருந்து ஒரு குரல் வரும்: 1921இல் இது சாத்தியமா? இன்றைய பெண்ணுக்குப் பழைய புடவை கட்டிவிட்டிருக்கிறார்களோ?

இந்தக் குறையைச் சோதித்துப் பார்க்க எனக்குக் கிடைத்த நல்ல உரைகல் சுஜாதா மாஸ்ஸியின் 'தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்' (2018). இதுவும் 1921தான், ஆனால் பம்பாய். பெர்வீன் மிஸ்திரி பார்சிப் பெண், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவள், அப்பாவின் வக்கீல் ஆபீஸில் வேலை. மலபார் ஹில் பங்களா ஒன்றில் ஒரு முஸ்லிம் மில் முதலாளியின் மூன்று விதவைகள் கோஷாவில் இருக்கிறார்கள். அந்நிய ஆண் முகத்தைப் பார்க்கக் கூடாது. தங்களுக்கு வரவேண்டிய சொத்தை தர்மத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம் என்று மூவர் சார்பிலும் ஒரு காகிதம் வருகிறது. அதில் ஒரு கையெழுத்து வெறும் பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துதான் குறி போட்டாளா? போய்க் கேட்க வேண்டும். அப்பாவால் உள்ளே போக முடியாது. பெர்வீனால் முடியும்.

இது நடக்கக் கூடியதா? நடந்தது. பெர்வீனுக்கு முன்மாதிரிகளில் ஒருவர் கொர்னீலியா சோராப்ஜி. 1889இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார், 1892இல் சட்டத் தேர்வு எழுதினார். பெண் என்பதால் வக்கீலாகப் பதிவு செய்ய விடவில்லை. 1904இலிருந்து வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் அமைப்புக்கு ஆலோசகராக இருந்து, கோஷாவில் இருந்த விதவைகளின் சொத்து வழக்குகளைப் பார்த்தார். படகிலும் பல்லக்கிலும் போய் அந்தப் பெண்களைச் சந்தித்தார். பெண்கள் வக்கீலாகலாம் என்று இந்தியாவில் சட்டம் வந்தது 1923இல். அதற்கு 30 வருடம் முன்பே சட்டம் படித்துவிட்ட ஒருத்தி, வாசலில் நின்றுகொண்டே வேலை பார்த்திருக்கிறாள்.

ஆக, 'அமெச்சூர்' என்ற சொல்லையே கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. லார்டு பீட்டர் விம்சி மாதிரியான பிரபுவுக்கு அமெச்சூராக இருப்பது சௌகரியம், பொழுதுபோக்கு. பெர்வீனுக்கு வேறு வழியில்லை. தொழிலுக்குள் விடவில்லை, அதனால் அமெச்சூர். சரித்திர கோஸியின் துப்பறிவாளர்களில் பலர் இந்த இரண்டாவது வகை. கதவுக்கு வெளியே நிற்பவர்கள். வெளியே நிற்பதாலேயே இன்னொரு கதவு, அடுப்படிப் பக்கக் கதவு, அவர்களுக்குத் திறக்கிறது.

எனவே, "அந்தக் காலத்துப் பெண் இப்படிச் *செய்திருக்க* முடியாது" என்ற குறை நிற்காது. செய்திருக்கிறார்கள். "இப்படி *நினைத்திருக்க* முடியாது" என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. நிஜ சோராப்ஜி பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்தவர், காந்தியை எதிர்த்தவர். அவ்வளவு துணிச்சலுக்கும் அவ்வளவு பழமைக்கும் ஒரே உடம்பில் இடம் இருந்திருக்கிறது. கோஸி நாயகிகளிடம் இந்த முரண் அநேகமாக இருக்காது. அவர்கள் துணிச்சலை 1921இலிருந்து எடுத்துக்கொள்வார்கள், அபிப்பிராயங்களை நம்மிடமிருந்து. சாதி, மதம், வேலைக்காரர்கள், வெள்ளைக்காரர்கள் என்று எதைப் பற்றியும் நமக்குச் சங்கடம் தருகிற மாதிரி நாயகி எதுவும் நினைக்க மாட்டாள். நினைப்பதற்கென்று ஒரு மாமியாரோ அத்தையோ தனியாக வைத்திருப்பார்கள். சரித்திரத்தின் அழுக்கு முழுக்க அந்தக் கிழவிகள் தலையில். படிக்கும்போது எனக்கு அவர்கள் மேல் பரிதாபமாகத்தான் இருக்கும்.

*

இவ்வளவும் நான் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் ஆச்சி கேட்டது இவை எதையும் பற்றி இல்லை. காட்ஃபெல் அந்தப் பிணத்தை எண்ணியதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. "எண்ணத்தான் செய்வான், கழுவுறவன்லா" என்றாள். பிணத்தைக் கழுவுகிறவனுக்கு உடம்பு என்ன சொல்கிறது என்று தெரியும். அடுப்படியில் நிற்கிறவளுக்கு வீடு என்ன சொல்கிறது என்று தெரியும். அவளுக்கு ஒத்துவராதது ஒன்றுதான்: அதிகாரி காது கொடுத்துக் கேட்டது.

அதன் பிறகு நான் படித்த எல்லாவற்றையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த ஆள் இருக்கிறான். காட்ஃபெலுக்கு ஹியூ பெரிங்கர். காவேரிக்கு இன்ஸ்பெக்டர் இஸ்மாயில். சரித்திரக் கதையாக எழுதப்படாமல், காலம் போய் இன்று நமக்குச் சரித்திரமாகிவிட்ட மிஸ் மார்பிளுக்கு, ஸ்காட்லாந்து யார்டில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற சர் ஹென்றி கிளிதெரிங். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போலீஸ்காரர்கள் அந்தக் கிழவி முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். கிறிஸ்டிக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும். '4.50 ஃப்ரம் பேடிங்டன்' (1957) நாவலே இதில்தான் ஆரம்பிக்கிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் போகிற ரயிலில் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பதை ஒரு வயதான அம்மாள் பார்க்கிறாள். சொல்கிறாள். யாரும் நம்பவில்லை. நம்புகிறவள் அவளுடைய சிநேகிதியான இன்னொரு கிழவி.

புத்திசாலிப் பெண்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள், ஒரு பொருள் இடம் மாறியிருந்தால் கண்டுபிடிப்பவர்கள், பொய் சொல்கிறவன் குரலை அடையாளம் காண்பவர்கள். அவர்களைக் கண்டு "நம்ப முடியலையே" என்று நாம் முகம் சுளிக்கிறோம். அவர்கள் சொல்வதை நோட்டில் குறித்துக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, போய்க் கைது செய்கிற இன்ஸ்பெக்டரை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிவிடுகிறோம். இந்த வகையில் உண்மையான கற்பனைப் பாத்திரம் அந்த இன்ஸ்பெக்டர்தான்.

எல்லிஸ் பீட்டர்ஸை நான் மற்றவர்களுக்கு ஒரு படி மேலே வைப்பதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. ஹியூவை அவர் சும்மா கொண்டுவந்து நிறுத்தவில்லை. 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி'யில் பாதிக் கதைக்கு ஹியூதான் கொலைகாரனோ என்று நமக்கும் சந்தேகம், காட்ஃபெலுக்கும் சந்தேகம். எதிர்ப்பக்கத்துக்காரன் ஒருவனுடைய மகளைப் பையன் வேஷத்தில் காட்ஃபெல் மடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார். அவளைத் தேடி வந்தவன் ஹியூ. இருவரும் ஒருவரையொருவர் வேவு பார்க்கிறார்கள், ஏமாற்றுகிறார்கள், தோற்கிறார்கள், ஜெயிக்கிறார்கள். அந்த விளையாட்டில்தான் ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் மதிப்புக் கொடுக்கப் பழகுகிறார்கள். கடைசியில் குற்றவாளியைத் துவந்த யுத்தத்துக்கு அழைப்பவன் ஹியூ. காட்ஃபெல் சொன்ன ஒரு உண்மைக்குத் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டுமென்றால் அதற்கு ஒரு நாவல் முழுக்க உழைக்க வேண்டும் என்று பீட்டர்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. மற்ற பலர் அந்த ஆளை இரண்டாம் அத்தியாயத்திலேயே, நல்ல மீசையும் நல்ல மனசுமாக, இனாமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

*

ஆச்சி அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள், தானாகவே சொன்னாள். இதுவரை எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாதது. சில விவரங்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆச்சிக்கு ஒரு தங்கை இருந்தாள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 1958இல் ஒருநாள் விடியற்காலை தண்ணீர் எடுக்கப் போனவள் கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். வயது 19. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான்.

"நான் போகையில வெளியில கெடத்திட்டாவ. ஒரே கூட்டம். தாகத்துக்குத் தண்ணி கேட்டேன், ஒருத்தரும் தரல. நானே அடுக்களைக்குப் போனேன். அங்க அவ குடம் இருந்துச்சு. பித்தளக் குடம், எங்கம்மை சீரா குடுத்தது. கவுத்தி வச்சிருந்துச்சு. உள்ள கைய விட்டுப் பாத்தேன், சொட்டு ஈரம் இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "தண்ணி எடுக்கப் போனவ குடத்த வீட்டுல வச்சிட்டா போவா?"

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. நூற்றுக்கணக்கான கோஸிகளில் இப்படி ஒரு தடயத்தைப் படித்திருக்கிறேன். ஈரமில்லாத குடை, குரைக்காத நாய், மாறி வைக்கப்பட்ட கோப்பை. அந்த வரியில் வாசகனுக்கு வருமே ஒரு சின்னச் சந்தோஷம், 'ஆங், மாட்டிக்கிட்டான்' என்று, அது அப்போதும் எனக்குள் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமாகவும் இருந்தது. முதல் குறையைச் சொன்னவர்கள் இதைத்தான் சொன்னார்களோ?

"யார்கிட்டயும் சொல்லலையா ஆச்சி?"

"போலீஸ் வந்தாவ. திண்ணையில ஒக்காந்து காப்பி குடிச்சாவ. ஆம்பளையள்ட்ட கேட்டாவ, எழுதிக்கிட்டாவ, போயிட்டாவ. அடுக்களைக்கு யாரு வந்தா?"

அதற்கு மேல் அவளிடம் இன்னொரு காரணமும் இருந்தது. தங்கைக்கு ஏழு மாதப் பெண் குழந்தை. "சொன்னா என்ன ஆகும்? ஒருத்தரும் நம்பமாட்டாவ. நம்புனா யாரையாவது தூக்குல போடுவாவ. அந்தப் பிள்ள அந்த வீட்டுலதான வளரணும்? எனக்கு அப்ப 21 வயசு, மாமியா வீட்டுல இருக்கேன். நானா தூக்கிட்டு வந்து வளக்க முடியும்?"

அந்தக் குழந்தை வளர்ந்து, இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முதல் பந்தியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்கிறவள். அவளுக்குத் தெரியாது. அதனால்தான் விவரங்களை மாற்றினேன்.

*

ஆச்சியின் இரண்டாவது காரணத்தை, அதாவது தூக்குக்கயிற்றை, கோஸி எப்படிக் கையாள்கிறது?

பெரும்பாலும் கையாள்வதே இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். கதை தேநீரோடு முடியும். பிரிட்டனில் கொலைக்கு மரண தண்டனை 1965இல் நிறுத்தப்பட்டு, 1969இல் நிரந்தரமாக ஒழிந்தது. அதற்கு முந்தைய காலத்தில் நடக்கும் எந்தக் கதையிலும் "இவர்தான் கொலையாளி" என்று துப்பறிவாளர் விரலை நீட்டினால், அந்த விரலின் மறுமுனையில் ஒரு கயிறு இருக்கலாம். நாம் அதைப் பார்க்காமல் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

பார்த்தவர்கள் உண்டு. டொரோத்தி சேயர்ஸ் 1937இல் எழுதிய 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' நாவலில் லார்டு பீட்டர் விம்சி தன் தேனிலவிலேயே ஒரு கொலையைக் கண்டுபிடிக்கிறார். தான் பிடித்துக்கொடுத்தவனுக்காகத் தானே பெரிய வக்கீலை அமர்த்துகிறார். பலனில்லை. தூக்கிலிடும் நேரம் நெருங்கும் விடியற்காலையில் மனைவியின் மடியில் உடைந்து அழுகிறார். இத்தனை நாவல்களில் விளையாட்டாகத் துப்பறிந்த மனிதர் அவர். இந்த வகையின் வரலாற்றிலேயே மிக நேர்மையான பக்கங்கள் அவை என்று எனக்குத் தோன்றும்.

காட்ஃபெல் இன்னொரு வழியில் போகிறார். முதல் நாவலான 'எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்', ஷ்ரூஸ்பரி மடத்தார் வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து புனித வினிஃப்ரெடின் எலும்புகளை எடுத்துவந்த நிஜச் சம்பவத்தை வைத்து எழுதப்பட்டது. நாவலில், எலும்புகளைக் கொடுக்க மறுத்த ஊர்ப் பெரியவர் கொல்லப்படுகிறார். கொன்றவன் மடத்துத் துறவிகளில் ஒருவன். உண்மை வெளிப்படும்போது நடக்கிற தள்ளுமுள்ளில் அவனும் சாகிறான். சட்டப்படி பார்த்தால் அடுத்து ஒரு அப்பாவி இளைஞன் தண்டனைக்குப் போக வேண்டும். காட்ஃபெல் என்ன செய்கிறார்? புனிதையின் எலும்புகளை அவளுடைய மண்ணிலேயே திரும்பப் புதைத்துவிட்டு, பேழைக்குள் கொலைகாரனின் உடலை வைத்து முத்திரையிட்டு அனுப்பிவிடுகிறார். மடம் அதை வைத்து ஆராதிக்கிறது. அவருக்கும் நமக்கும்தான் தெரியும்.

முதல் தடவை படித்தபோது இதைப் பெரிய குறும்பாக ரசித்தேன். ஆச்சியின் கதைக்குப் பிறகு வேறு மாதிரித் தெரிகிறது. உண்மையைக் கண்டுபிடித்தவர், அதைச் சொன்னால் இன்னொரு உயிர் போகும் என்று கணக்குப் போட்டு, வாயை மூடிக்கொள்கிறார். ஆச்சியும் அதையேதான் செய்தாள். ஒரு வித்தியாசம்: காட்ஃபெலுக்கு அது தேர்வு. அந்த ஊர் மக்கள் ரகசியத்தில் பங்கு கொள்கிறார்கள், கொல்லப்பட்டவரின் மகளுக்கு நியாயம் கிடைத்த நிம்மதி இருக்கிறது. ஆச்சிக்கு அது தேர்வா, இல்லை வேறு வழியில்லாததா? 65 வருடம் ஒரு ஈரமில்லாத குடத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். பகிர்ந்துகொள்ள ஒரு ஊர் வேண்டாம், ஒரு ஹியூ பெரிங்கர்கூட இருக்கவில்லை.

*

அப்படியானால் இந்தக் கதைகள் பொய்யா? படிக்கிறதை நிறுத்திவிடலாமா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. இந்த வகையின் கதகதப்பு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் இப்போது தெரிகிறது. தோட்டம், தேநீர், பிஸிபேளேபாத் எல்லாம் மேல்பூச்சு. அடியில் இருக்கிற ஆசை ஒன்றே ஒன்று: அடுக்களையில் நின்று ஒருத்தி கவனித்ததை, அதிகாரம் உள்ள ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். இந்த ஆசையைச் சின்னது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிறைவேறாத ஆசைகளுக்குத்தானே கதை.

ஆனால் ஆசையை இனாமாக நிறைவேற்றி வைக்கிற புத்தகத்துக்கும், அதற்கான விலையைக் காட்டுகிற புத்தகத்துக்கும் தரத்தில் வித்தியாசம் உண்டு. ஆகவே "இந்தப் பெண் காலத்துக்குப் பொருந்துகிறாளா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அவள் சொல்வதைக் கேட்கிற ஆள் எங்கிருந்து வந்தான், ஏன் கேட்கிறான், கேட்ட பிறகு யார் தலையில் என்ன விழுகிறது என்று பார்க்கிறேன். அந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிற நாவல்கள் குறைவு. பீட்டர்ஸிடம் இருக்கிறது. மாஸ்ஸியிடம், குறிப்பாக அந்தப் பெருக்கல் குறி வருகிற இடத்தில், இருக்கிறது. நாகேந்திராவின் காவேரியை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவளைச் சுற்றியிருக்கிற ஆண்கள் இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டு நல்லவர்களாகியிருக்கலாம்.

ஆச்சிக்குக் கண் சரியாகிவிட்டது. டிவி பார்க்கிறாள், என்னைத் துரத்திவிட்டு அடுப்படியையும் பிடித்துக்கொண்டாள். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது ராத்திரி சாப்பாடு முடிந்ததும், "ஏட்டி, இன்னொரு கத சொல்லு" என்றாள். சரி, இந்தத் தடவை பம்பாய், ஒரு பார்சிப் பெண் வக்கீல் என்று ஆரம்பித்தேன்.

கையைக் காட்டி நிறுத்தினாள். "இதுலயும் கேக்கதுக்கு ஆளு உண்டா?"

உண்டு என்றேன்.

"அப்பச் சொல்லு."